ஆன்லைனில் ஃபுட்பால் வாங்கும்போது பணம் போகிற இடங்கள்

உலகக் கோப்பை நெருங்கினால் தூத்தூர், வள்ளவிளை, குளச்சல் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்த வருடத்துப் பந்துதான் வேண்டும். 2022இல் அல் ரிஹ்லா, 2026க்கு ட்ரியோண்டா. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ கடையில் கிடைக்கவில்லை என்றால் உடனே போனை எடுத்துவிடுகிறார்கள். அங்கேதான் ஒன்றுக்கு இரண்டாக விலை வைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள்.

விலை ஏறுவது பெரும்பாலும் கண்ணில் படாது. வழக்கமான விற்பனையாளரிடம் சரக்கு தீர்ந்ததும் அதே பக்கத்தில் வேறொருவரின் விலை தானாக வந்து உட்கார்ந்துவிடும். படம், ஸ்டார், ரிவ்யூ எல்லாம் பழையபடியே இருக்கும்; ஆளும் விலையும் மட்டும் மாறியிருக்கும். ‘பந்து விலை கூடிப்போச்சு’ என்று நினைத்து ஆர்டர் போடுகிறோம். ‘சோல்டு பை’ என்ற வரியில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, மற்ற விற்பனையாளர்களின் விலையையும் திறந்து பாருங்கள். எல்லாரும் ஏற்றி வைத்திருந்தால் இரண்டு வாரம் பொறுக்கலாம். சரக்கு வந்ததும் விலை இறங்குவதுதான் வழக்கம்.

அடுத்தது, கோடு போட்டு அடித்துக் காட்டும் விலையை நம்புவது. ‘60 சதவீதம் தள்ளுபடி’ என்பதற்கு அர்த்தமே அந்தப் பழைய விலை உண்மையாக இருந்தால்தான். பந்தைத் தயாரிக்கும் அடிடாஸ் கம்பெனியின் சொந்தத் தளத்தில் அதே பந்து என்ன விலை என்று ஒருமுறை பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அடைத்து விற்கும் பொருளை எம்.ஆர்.பி.க்கு மேல் விற்பது பொட்டலப் பொருள் விதிகள், 2011இன்படி குற்றம். 2018 ஜனவரியிலிருந்து ஆன்லைன் தளங்களும் எம்.ஆர்.பி.யைக் காட்டியாக வேண்டும். இறக்குமதிப் பந்து என்றால் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரியும் பேக்கிங்கில் இருக்க வேண்டும். அது இல்லாத பந்துக்கு அசல் விலை கொடுக்காதீர்கள்.

ஆனால் அதிகம் பேர் மாட்டுவது ‘கிரேடு’ விஷயத்தில். உலகக் கோப்பைப் பந்து ஒன்றல்ல. ஒரே டிசைனில் புரோ, காம்பெட்டிஷன், லீக், கிளப் என்று பல தரத்தில் வருகிறது. போட்டோவில் பார்த்தால் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். புரோவில் துண்டுகளைச் சூட்டில் ஒட்டியிருப்பார்கள், தையல் தெரியாது. கிளப் பந்து மெஷின் தையல். ஒரு புரோ வாங்கும் காசில் நாலு கிளப் பந்து வாங்கலாம். தலைப்பில் ‘அஃபீஷியல் மேட்ச் பால்’ என்று போட்டுவிட்டு, கிளப் பந்தைப் புரோ விலைக்குத் தள்ளிவிடுவதுதான் இந்த வியாபாரத்தின் நோகாத வழி. பந்தின் மேல் ‘ஃபிஃபா குவாலிட்டி புரோ’ முத்திரை அச்சாகியிருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். படம் மங்கலாக இருந்தால் விட்டுவிடுங்கள். இன்னொன்று: மெஸ்ஸி ஆடிய பந்துக்குள் இருந்த சென்சார், கடையில் விற்கும் புரோவில்கூடக் கிடையாது. ‘மேட்சில் ஆடின அதே பந்து’ என்று எழுதியிருப்பவரிடம் எதையும் வாங்க வேண்டாம்.

சரி, புரோவே கிடைத்தது என்று வையுங்கள். எங்கே ஆடப் போகிறீர்கள்? கடற்கரை மணலிலும் சரள் மண் மைதானத்திலும் என்றால் அந்தப் பளபளப்பு சீக்கிரம் உரிந்துபோகும். கட்டாந்தரைக்கு நிவியா ஸ்டார்ம் மாதிரி ரப்பர் மேல்தோல் பந்துதான் தாங்கும், அதுவும் சில நூறு ரூபாயில். அலமாரியில் வைத்து அழகு பார்க்க என்றால் அது வேறு கணக்கு.

துபாயிலோ மஸ்கட்டிலோ மாமாவோ சித்தப்பாவோ இல்லாத வீடு இந்தப் பக்கம் குறைவு. ஊருக்கு வரும்போது காற்றை இறக்கி மடக்கிப் பெட்டியில் போட்டால் பந்து இடமே பிடிக்காது. அங்கத்துக் கடை விலையைக் கேட்டுவிட்டு, அப்புறம் இங்கே ஆர்டர் போடுங்கள்.

‘மக்கா, ஒண்ணுதான் இருக்கு, அட்வான்ஸ் அனுப்பு’ என்று வாட்ஸ்அப் குரூப்பில் வருபவருக்குப் பணம் அனுப்பாதீர்கள். இதில் அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

பார்சல் வந்ததும் காற்றடிக்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள், முத்திரை, எம்.ஆர்.பி. ஸ்டிக்கர், தையல் மூன்றையும் பாருங்கள். காற்றடித்து மண்ணில் உருட்டிய பந்தைத் திருப்பி எடுக்கமாட்டார்கள். எல்லாம் ஒத்துவந்தால் ஊசியை ஈரமாக்கி மெதுவாக ஏற்றுங்கள். ஐந்தாம் நம்பர் பந்தின் சுற்றளவு 68 முதல் 70 செ.மீ., எடை 410 முதல் 450 கிராம். வீட்டுத் தராசில் வைத்தாலே போலி சில நேரம் தெரிந்துவிடும்.

எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கியிருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதில் தீராவிட்டால், விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போட 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. விலையும் விற்பனையாளர் பெயரும் தெரியும் ஸ்கிரீன்ஷாட்டை ஆர்டர் போடும் அன்றே எடுத்துவையுங்கள். பிறகு தேடினால் அந்தப் பக்கத்தில் வேறு விலை இருக்கும்.