கிளிப்லெஸ் பெடல்: முதலில் கால், அப்புறம் பிரேக்

ஷூவின் அடியைப் பூட்டிப் பிடித்துக்கொள்ளும் கிளிப்லெஸ் பெடலுக்கு மாறிய புதிதில் விழுகிறவர்களைச் சென்னை ஈசிஆரில் நிறையப் பார்த்திருக்கிறேன். வேகமாகப் போகும்போது யாரும் விழுவதில்லை. முட்டுக்காடு வரை நன்றாக மிதித்துப் போய்விட்டு, டீக்கடை முன்னால் நிறுத்தும்போது சைக்கிளோடு சேர்ந்து பக்கவாட்டில் மெதுவாகச் சாய்வார்கள். காலை எப்படிக் கழற்றுவது என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும். சைக்கிள் நின்ற பிறகுதான் அந்த ஞாபகம் வருகிறது, அவ்வளவுதான். அதனால் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் புதிதாகச் சேருகிறவர்களிடம் முதலில் சொல்வது இதைத்தான்: பிரேக்கில் விரல் போவதற்கு முன்பே கால் வெளியே வந்திருக்க வேண்டும்.

ஷூவின் அடியில் போல்ட் போட்டுப் பொருத்தி, பெடலில் மாட்டும் துண்டுதான் கிளீட். ரோடு பைக் என்றால் மூன்று போல்ட் கிளீட்தான் என்று பலர் அடித்துச் சொல்வார்கள். பழகுகிறவருக்கு நான் ஷிமானோ நிறுவனத்தின் இரண்டு போல்ட் வகையான எஸ்பிடியைத்தான் சொல்வேன். அந்தக் கிளீட் ஒரு சின்ன இரும்புத் துண்டு. ஷூவின் அடியில் பள்ளத்துக்குள் உட்கார்ந்திருப்பதால் டைல்ஸ் தரையிலும் வழுக்காமல் நடக்கலாம். ஷிமானோவின் இஎச்500 பெடல் இன்னும் வசதி. ஒரு பக்கம் எஸ்பிடி, மறுபக்கம் சாதாரணப் பெடல். திருவான்மியூர் நெரிசலில் சாதாரணப் பக்கத்தை மிதித்துக்கொண்டு வந்து, நீலாங்கரை தாண்டியதும் மாட்டிக்கொள்ளலாம். ஏற்கெனவே மூன்று போல்ட் எஸ்பிடி-எஸ்எல் வாங்கிவிட்டீர்களா, சரி, கிளீட் மட்டும் மஞ்சளாக இருக்கட்டும். அதில் பாதம் 6 டிகிரி அசைய இடம் உண்டு. நீலத்தில் 2 டிகிரிதான், சிவப்பில் அசைவே கிடையாது. சிவப்பு, முட்டியின் போக்கு தெரிந்தவர்களுக்கானது.

கிளீட்டைப் பொருத்தும்போது, ஷூவைப் போட்டுக்கொண்டே கட்டைவிரலின் அடியில் புடைத்திருக்கும் எலும்பைத் தடவிப் பார்த்து, ஷூவின் பக்கவாட்டில் ஒரு கோடு போடுங்கள். சுண்டுவிரல் பக்கமும் அதேபோல் ஒரு கோடு. கிளீட்டின் நடு, இந்த இரண்டு கோடுகளுக்கும் இடையில் வர வேண்டும். சந்தேகம் இருந்தால் கொஞ்சம் பின்னால், குதிகால் பக்கமாகத் தள்ளி வையுங்கள். இறுக்கியதும் கிளீட்டைச் சுற்றி மார்க்கரால் வரைந்துவிட்டால், பின்னால் முட்டி வலித்து இடம் மாற்றும்போது பழைய இடம் எது என்று தேட வேண்டியிருக்காது.

அடுத்தது பலர் தொடாமலே விட்டுவிடும் வேலை. பெடலில் சின்னதாக ஒரு ஸ்க்ரூ இருக்கும், 3 மி.மீ. ஆலன் கீ போடுவது. பிடி எவ்வளவு இறுக்கம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் திருப்பினால் தளரும், ஒவ்வொரு கிளிக்காக விரலில் உணரலாம். மிகத் தளர்வான நிலை வரை கொண்டுபோய் நிறுத்துங்கள், ஸ்க்ரூவையே கழற்றிவிடாதீர்கள். இரண்டு பக்கமும் மாட்டும் எஸ்பிடி என்றால் ஒரு பெடலுக்கு இரண்டு ஸ்க்ரூ, மொத்தம் நான்கு. ஒன்றை மறந்தால் அந்தப் பக்கம் மட்டும் காலை விடாது, அது தெரிவதும் சிக்னலில்தான் தெரியும்.

இனி சுவர். சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தி, ஏறி உட்கார்ந்து, ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொள்ளுங்கள். கிளீட்டின் முன்நுனியை முதலில் நுழைத்து, அப்புறம் அழுத்தினால் 'டக்'கென்று உட்காரும். வெளியே எடுக்கக் குதிகாலை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். மேலே இழுத்தால் வராது. பனிச்சறுக்குக் கட்டையில் காலைப் பூட்டும் கருவி செய்துவந்த லுக் என்ற பிரெஞ்சு நிறுவனம்தான் 1984இல் இந்தப் பெடலைக் கொண்டுவந்தது. இழுத்தால் பிடித்துக்கொள்ள வேண்டும், திருகினால் விட வேண்டும் என்பது அங்கிருந்தே வந்த கணக்கு. பதறினால் நம் உடம்பு மேலேதான் இழுக்கும். ஆகவே யோசிக்காமலே குதிகால் திரும்புகிற வரை, போர் அடிக்கிற வரை, சுவரோரமே மாட்டிக் கழற்றிக்கொண்டிருங்கள். பெடல் கீழே இருக்கும் நிலையில் கழற்றுவது எளிது.

அப்புறம் வண்டியில்லாத ஒரு மைதானம், புல்தரையாக இருந்தால் உத்தமம். வலது காலை மட்டும் மாட்டி, இடது காலைச் சும்மா வைத்து ஓட்டுங்கள். பிறகு இரண்டையும். நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டுகிறோம், ஓரமும் நடைபாதையும் அந்தப் பக்கம்தான். எனவே எப்போதும் இறக்கும் கால் இடது கால் என்று வைத்துக்கொள்வது நல்லது. அதிலும் ஒரு சிக்கல் உண்டு: இடது காலைக் கழற்றியிருப்பீர்கள், சைக்கிள் வலப்பக்கம் சாயும். முழுதாக நிற்பதற்குச் சற்று முன்னால் ஹேண்டில்பாரை லேசாக வலப்பக்கம் திருப்புங்கள், சைக்கிள் தானாகவே இடப்பக்கம் சாயும். இதைத் தனியாகப் பழகுங்கள். அப்படியும் விழத்தான் போகிறோம் என்றால், கையை நீட்டித் தரையில் ஊன்றாதீர்கள், மணிக்கட்டு போய்விடும். ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே சாய்ந்தால் சிராய்ப்போடு தப்பிக்கலாம்.

சாலையில் சிக்னல் பச்சையாக இருந்தாலும் இடது காலைக் கழற்றி வையுங்கள். முன்னால் பஸ் வேகம் குறைத்தாலும், டிவைடர் இடைவெளியில் பைக் தலைநீட்டினாலும், ஓரத்தில் நாய் எழுந்து நின்றாலும் அப்படியே. எதிர்த்திசையில் வருகிறவர்கள் ஈசிஆரில் எங்கும் உண்டு. நிற்பதற்கு முன்பே கியரையும் இறக்கிவிடுங்கள். கனமான கியரில் கிளம்பினால் வேகம் பிடிக்காது, மற்ற காலை மாட்டுவதற்குள் சைக்கிள் ஆடும். உடனே மாட்டவில்லை என்றால் குனிந்து பார்க்காதீர்கள். அந்தப் பெடலை அப்படியே மிதித்துச் சந்திப்பைத் தாண்டிவிட்டு, அந்தப் பக்கம் போய் மாட்டிக்கொள்ளுங்கள்.

கோவளத்தில் மணலில் இறங்கி நடந்திருந்தால், திரும்ப ஏறும் முன் கிளீட்டைத் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். மணல் சிக்கினால் உள்ளே போகவும் செய்யாது, வெளியே வரவும் முரண்டு பிடிக்கும். பெடலையே கழற்ற நேர்ந்தால், இடது பெடலின் மரை தலைகீழ். கடிகாரத் திசையில் திருப்பினால்தான் கழலும்.