கெர்னல் பூட் ஆகாமல் நிற்கிறதா? சீரியல் போர்ட் வைத்து முதல் பிழையைப் பிடியுங்கள்

விர்ச்சுவல்பாக்ஸில் (கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை ஓட்டும் மென்பொருள்) உபுண்டு போட்டு, நானே கம்பைல் செய்த லினக்ஸ் கெர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதி) அதில் பூட் செய்தேன். திரையில் எழுத்துகள் விறுவிறுவென்று ஓடின. ரூட் ஃபைல் சிஸ்டத்தை மவுண்ட் செய்ய முடியவில்லை என்ற கெர்னல் பேனிக்கோடு (கெர்னல் மேலே தொடர முடியாமல் நின்றுவிடும் நிலை) எல்லாம் உறைந்துவிட்டது. மேலே ஓடிப்போன வரிகளைத் திரும்பப் பார்க்க வழியில்லை. இரண்டு நாள் டிஸ்க் டிரைவர்களையே துருவிக்கொண்டிருந்தேன். கோளாறு அங்கே இல்லவே இல்லை.

உங்களிடம் உபுண்டு ஓடும் விர்ச்சுவல் மெஷினும் விரித்து வைத்த கெர்னல் சோர்ஸும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் பில்ட். ஃப்ளெக்ஸ், பைசன், பிசி, லிப்எஸ்எஸ்எல்-டெவ், லிப்எல்ஃப்-டெவ் ஆகியவற்றை நிறுவிக்கொள்ளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் கான்ஃபிக்கை (கெர்னலில் எவை இருக்க வேண்டும் என்ற தேர்வுகளின் கோப்பு) அப்படியே எடுத்துக்கொண்டால், பெம் என்று முடியும் ஒரு சான்றிதழ்க் கோப்பை உருவாக்க விதி இல்லை என்று சொல்லி, பில்ட் செய்யும் 'மேக்' கட்டளை நின்றுவிடும். அந்தக் கோப்பு உங்கள் சோர்ஸில் இல்லை, அவ்வளவுதான். கான்ஃபிக்கில் சிஸ்டம் டிரஸ்டட் கீஸ், சிஸ்டம் ரெவொகேஷன் கீஸ் இரண்டின் மதிப்பையும் வெற்று மேற்கோள்குறிகளாக மாற்றிவிடுங்கள்.

'மேக் -ஜே8' கொடுத்து, கடைசி வரியில் 'எரர் 2' என்று வந்தால் அந்த வரியை வைத்துத் தேடாதீர்கள். எட்டு வேலைகள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. ஒன்று விழுந்த பிறகும் மற்றவை தம் பாட்டுக்கு எழுதிக்கொண்டே போவதால், உண்மையான பிழை மேலே புதைந்துவிடும். -ஜே இல்லாமல் வெறும் 'மேக்' மறுபடி கொடுங்கள். விழும் இடத்திலேயே நிற்கும். 'கில்டு' என்று மட்டும் வந்தால் கோடில் தப்பு இல்லை, பெரும்பாலும் மெமரி போதவில்லை என்று அர்த்தம்.

சரி, இப்போது சீரியல் போர்ட்: கெர்னல் தன் செய்திகளை மெஷினுக்கு வெளியே வரிவரியாக அனுப்பக்கூடிய இணைப்பு. மெஷினை அணைத்துவிட்டு, செட்டிங்ஸில் சீரியல் போர்ட்ஸ் பகுதியில் போர்ட் 1-ஐ இயக்குங்கள். காம்1 என்றே இருக்கட்டும். உள்ளே இருக்கும் லினக்ஸுக்கு அது டிடிஒய்எஸ்0. போர்ட் மோடில் ஹோஸ்ட் பைப் (மெஷினை ஓட்டும் உங்கள் கணினிக்குச் செய்திகளைக் கடத்தும் குழாய்) தேர்ந்தெடுத்து, பாதையாக /டெம்ப் அடைவில் ஒரு பெயரைக் கொடுங்கள்.

அதன் கீழே, ஏற்கெனவே இருக்கும் பைப்போடு இணைக்கவா என்று ஒரு கட்டம் இருக்கிறது. நான் அதிக நேரம் தொலைத்தது இங்கேதான். அதை டிக் செய்தால், பைப்பை வேறு யாரோ தயாராக வைத்திருக்கிறார்கள் என்று விர்ச்சுவல்பாக்ஸ் நம்பிவிடும். பைப் இல்லையென்றால் மெஷினே கிளம்பாது. டிக்கை எடுத்துவிட்டால் மெஷின் கிளம்பும்போது பைப்பை அதுவே உருவாக்கும். ஆக, டிக் வேண்டாம். முதலில் மெஷின், அப்புறம் உங்கள் கணினியில் அந்தப் பைப்பைப் படிக்கும் மினிகாம் நிரல். வரிசை மாறினால் மினிகாம் பைப் இல்லை என்று சொல்லும்.

இதைவிட எளிய வழி: பேனிக்கைப் பிடிப்பது மட்டுமே நோக்கம் என்றால், ஹோஸ்ட் பைப்புக்குப் பதில் ரா ஃபைல் மோடை வையுங்கள். எல்லா வரிகளும் ஒரு கோப்பில் விழும். தட்டச்சு செய்ய முடியாது, ஆனால் நிதானமாகத் தேடிப் படிக்கலாம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

கடைசியாக, மெஷினுக்குள் இருக்கும் கிரப் (கெர்னலை ஏற்றும் பூட்லோடர்) கோப்பில் 'கொயட்', 'ஸ்பிளாஷ்' இரண்டையும் நீக்கிவிட்டு, கெர்னல் வரியில் 'கன்சோல்=டிடிஒய்0 கன்சோல்=டிடிஒய்எஸ்0,115200' சேர்த்து 'அப்டேட்-கிரப்' கொடுங்கள். கெர்னல் செய்திகள் இரண்டு இடத்துக்கும் போகும், ஆனால் கடைசியாக எழுதியதுதான் முதன்மைக் கன்சோல். கான்ஃபிக்கில் சீரியல் 8250 (சீரியல் போர்ட் டிரைவர்) 'ஒய்' ஆக, அதாவது கெர்னலுக்குள்ளேயே, இருக்க வேண்டும். 'எம்' என்று மாட்யூலாக (பிறகு தனியே ஏற்றப்படும் துண்டாக) வைத்தால், அதைக் கன்சோலாக்கும் தேர்வே மெனுவிலிருந்து மறைந்துவிடும்.

இதையெல்லாம் செய்து பூட் செய்தபோது, பேனிக்குக்கு வெகு மேலே ஒரு வரி கிடைத்தது: இனிட்ராம்எஃப்எஸ்ஸை விரிக்க முடியவில்லை, எழுதுவதில் பிழை. ரூட்டை மவுண்ட் செய்யத் தேவையான மாட்யூல்களோடு, பூட்டின் தொடக்கத்தில் மெமரியில் விரியும் தற்காலிக ஃபைல் சிஸ்டம்தான் இனிட்ராம்எஃப்எஸ். மாட்யூல்கள் டீபக் தகவலோடு நிறுவப்பட்டிருந்தன. அதனால் இனிட்ராம்எஃப்எஸ் ஊதிப்போய், மெஷினுக்கு நான் கொடுத்திருந்த 1 ஜிபி மெமரியில் விரிய இடமில்லை. மாட்யூல்களை 'இன்ஸ்டால்_மாட்_ஸ்ட்ரிப்=1' சேர்த்து மறுபடி நிறுவி, இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் புதுப்பித்தேன். அடுத்த பூட்டில் லாகின் வரி வந்து நின்றது. இப்போதெல்லாம் தொடக்கத்திலேயே 'லோக்கல்மாட்கான்ஃபிக்' ஓட்டி, தேவையில்லாத மாட்யூல்களைக் கழித்துவிடுகிறேன்.

பின்சேர்க்கை: விண்டோஸில் விர்ச்சுவல்பாக்ஸ் வைத்திருக்கும் இரண்டு பேர் /டெம்ப் பாதை வேலை செய்யவில்லை என்றார்கள். அங்கே பாதை \\.\பைப்\ என்று தொடங்கி, பிறகு நீங்கள் வைக்கும் பெயர் வர வேண்டும். மினிகாமுக்குப் பதில் அங்கே பயன்படும் புட்டி என்ற நிரலில் சீரியல் இணைப்பைத் தேர்ந்தெடுத்து, காம்1 என்று இருக்கும் இடத்தில் இதே பாதையை முழுதாகப் போடுங்கள். அங்கேயும் மெஷின் முதலில் ஓட வேண்டும்.