குடி, புகை, புகையிலையை விட உதவும் மருத்துவ ஆய்வுகள்: தேடிச் சேர்வது எப்படி?

பீடி, சிகரெட், ஹான்ஸ், குடி இவற்றில் ஒன்றை விட நினைப்பவர்களை வைத்து இந்தியாவின் பல மருத்துவக் கல்லூரிகளில் ஆய்வுகள் நடக்கின்றன. ஒரு மாத்திரை இன்னொன்றைவிட நன்றாக வேலை செய்கிறதா, பத்து நிமிட ஆலோசனை போதுமா, கைபேசியில் தினமும் ஒரு குறுஞ்செய்தி வந்தால் பலன் உண்டா என்றெல்லாம் அவற்றில் பார்க்கிறார்கள். விவரங்கள் பொதுவெளியில்தான் இருக்கின்றன. ஆனால் எல்லாம் ஆங்கிலத்தில், மருத்துவர்களுக்கான நடையில் இருப்பதால், தேவைப்படுபவர் கண்ணில் படுவதில்லை.

ஒன்றை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆய்வு வேறு, சிகிச்சை வேறு. பெரும்பாலான ஆய்வுகளில் சேர்பவர்களை, வெவ்வேறு சிகிச்சை பெறும் குழுக்களாகப் பிரிப்பார்கள். எந்தக் குழுவில் நீங்கள் விழுவீர்கள் என்பதைக் குலுக்கல்தான் முடிவு செய்யும். டாக்டர் நினைத்தாலும் மாற்ற முடியாது. இதை ஏற்க முடிந்தவர்களுக்குத்தான் கீழே உள்ள படிகள்.

தினமும் குடிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. "ஆய்வில் சேரப் போகிறேன், இன்றோடு நிறுத்துகிறேன்" என்று வீட்டிலேயே சட்டென்று நிறுத்தாதீர்கள். நீண்ட நாள் அதிகமாகக் குடித்த உடம்பில், நிறுத்திய 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் நடுக்கம், பிதற்றல், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது எல்லாம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படி ஏதாவது தெரிந்தால் 108ஐ அழையுங்கள். மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்துவதே முறை.

படி 1: உங்கள் கணக்கை எழுதுங்கள்

ஏழு நாளுக்கு ஒரு சிறு நோட்டில் குறித்து வையுங்கள்: எந்த நேரம், என்ன, எவ்வளவு. ஆய்வுக்குழு கேட்கப்போகும் முதல் கேள்வியே இதுதான்.

புகைப்பவர்கள் முக்கியமாகக் குறிக்க வேண்டியது, தூங்கி எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் பீடி அல்லது சிகரெட் என்பதை. நிக்கோட்டின் பிடிப்பை அளக்கும் ஃபாகர்ஸ்ட்ராம் என்ற ஆறு கேள்விப் பட்டியலில் அதற்கும், ஒரு நாளில் எத்தனை என்பதற்கும்தான் கூடுதல் எடை. முதல் புகை ஐந்து நிமிடத்துக்குள் என்றால் 3 மதிப்பெண், ஒரு மணி நேரத்துக்குப் பிறகு என்றால் பூஜ்யம். மொத்தம் பத்து மதிப்பெண். பல மருந்து ஆய்வுகள் இதில் குறைந்தபட்ச மதிப்பெண் ஒன்றை நிபந்தனையாக வைக்கும்.

குடிப்பவர்கள் தவறுவது அளவில். ஆடிட் என்ற பத்துக் கேள்விப் பட்டியலில் "ஒரு நாளில் எத்தனை டிரிங்க்" என்று கேட்பார்கள். "ஒரு குவார்ட்டர்" என்பவர் தன் கணக்கில் ஒன்று என்று சொல்லிவிடுவார். அவர்கள் கணக்கில் ஒரு டிரிங்க் என்பது 10 கிராம் சாராயச் சத்து, அதாவது சுமார் 30 மில்லி பிராந்தி அல்லது விஸ்கி. 180 மில்லி குவார்ட்டர் ஒன்றில் ஆறு டிரிங்க் இருக்கிறது. 650 மில்லி பீரில், ஐந்து சதவீதமானால் இரண்டரை, எட்டு சதவீத ஸ்ட்ராங் பீரானால் நான்கு. ஆடிட் மொத்தம் 40. எட்டும் அதற்கு மேலும் ஆபத்தான குடி. இருபதோ அதற்கு மேலோ ஆனால் சிறு ஆலோசனை மட்டும் தரும் ஆய்வுகள் பெரும்பாலும் சேர்க்காமல் முழு சிகிச்சைக்கு அனுப்பிவிடும், அதுவே சரியும்கூட.

படி 2: சிடிஆர்ஐயில் தேடுங்கள்

இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் சுருக்கப் பெயர் சிடிஆர்ஐ. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் 2007 ஜூலையில் தொடங்கியது. தளத்தின் முகவரி சிடிஆர்ஐ டாட் என்ஐசி டாட் இன். பார்க்கக் கட்டணம் இல்லை, கணக்குத் தொடங்கவும் வேண்டாம். 2018 ஏப்ரல் முதல், ஆள் சேர்ப்பதற்கு முன்பே பதிந்த ஆய்வுகளைத்தான் இது ஏற்கிறது. அதனால் புதிய ஆய்வு ஒன்றுக்கு இங்கே எண்ணே இல்லையென்றால் கொஞ்சம் யோசியுங்கள்.

தேடல் பெட்டியில் சொற்களை ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும். ஒரே சொல்லோடு நிறுத்தாதீர்கள். "டொபாக்கோ", "ஸ்மோக்கிங் செசேஷன்", "நிக்கோட்டின் டிபெண்டன்ஸ்" என்று மூன்றையும் தனித்தனியே போடுங்கள். வாயில் அடக்கும் புகையிலைக்கு "ஸ்மோக்லெஸ்", குடிக்கு "ஆல்கஹால் டிபெண்டன்ஸ்". சர்வதேச நோய்ப் பட்டியல் குறியீட்டையும் போட்டுப் பாருங்கள்: மது எஃப்10, புகையிலை எஃப்17. தலைப்பில் உங்கள் சொல் இல்லாத ஆய்வுகளும் இதில் சில சமயம் அகப்படும்.

இலங்கை வாசகர்களுக்குத் தனிப் பதிவேடு இருக்கிறது. இலங்கை மருத்துவச் சங்கம் நடத்துகிறது, முகவரி எஸ்எல்சிடிஆர் டாட் எல்கே. தேடும் முறை கிட்டத்தட்ட இதேதான்.

படி 3: ஆய்வுப் பக்கத்தை இந்த வரிசையில் படியுங்கள்

மேலிருந்து கீழ் படித்தால் அறிவியல் தலைப்பிலேயே களைத்துவிடுவீர்கள். நேராகக் கீழே போய் இந்தியாவுக்கான ஆள்சேர்ப்பு நிலையைப் பாருங்கள். "ஓப்பன் டு ரெக்ரூட்மென்ட்" என்றால் சேர்க்கிறார்கள். "நாட் யெட் ரெக்ரூட்டிங்" என்றால் இன்னும் தொடங்கவில்லை. ஆனால் இந்த வரியை மட்டும் நம்ப வேண்டாம். ஆய்வு முடிந்த பிறகும் பக்கத்தைத் திருத்தாமல் விட்டுவிடுவது சாதாரணமாக நடக்கிறது. கடைசியாகத் திருத்திய தேதி, முதல் நபரைச் சேர்த்த தேதி, ஆய்வின் கால அளவு மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். முதுகலை மாணவரின் ஆய்வேடு என்று குறித்திருந்தால் ஆள் சேர்க்கும் காலம் குறைவு, உடனே அழையுங்கள்.

அடுத்து நடக்கும் இடம். பிறகு "இன்க்ளூஷன்", "எக்ஸ்க்ளூஷன்" என்ற இரண்டு பகுதிகள்: யாரைச் சேர்ப்பார்கள், யாரைத் தவிர்ப்பார்கள். தவிர்க்கும் பட்டியலை நிதானமாகப் படியுங்கள். வலிப்பு வந்தவரை, புகையை விட உதவும் பியூப்ரோபியான் மாத்திரை ஆய்வில் சேர்க்க மாட்டார்கள், ஏனென்றால் அந்த மருந்து வலிப்பைத் தூண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால், அதே வேலைக்கான இன்னொரு மாத்திரையான வரெனிக்ளின் அளவை மாற்ற வேண்டியிருக்கும். கர்ப்பிணிகளைப் பெரும்பாலான மருந்து ஆய்வுகள் தவிர்க்கும். இவற்றை மறைத்து உள்ளே போனால் அடிபடுவது உங்கள் உடம்புதான்.

மருந்தையும் ஒப்பீட்டையும் சொல்லும் பகுதியில் ஒரே கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள்: அடுத்த குழுவில் விழுந்தால் எனக்கு என்ன கிடைக்கும்? வழக்கமான சிகிச்சை என்றால் பரவாயில்லை. வெறும் துண்டுப் பிரசுரம் என்றால், அதுவரை வேறு சிகிச்சை எடுக்கலாமா என்று கட்டாயம் கேளுங்கள்.

பங்கேற்பவர்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் "அப்ரூவ்ட்" என்று இருக்க வேண்டும். பதிவேட்டில் இருப்பதாலேயே அரசு அனுமதித்த மருந்து என்று ஆகிவிடாது. புதிய மருந்தானால் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலகத்தின் அனுமதி வரியையும் பாருங்கள். ஆலோசனை மட்டும் தரும் ஆய்வில் அந்த இடத்தில் "நாட் அப்ளிக்கபிள்" என்றிருக்கும், அதில் தவறில்லை.

படி 4: அழையுங்கள்

பக்கத்தில் இரண்டு தொடர்பாளர்கள் இருப்பார்கள். "பப்ளிக் குவெரி" என்பதன் கீழ் இருப்பவர்தான் உங்களுக்கானவர். சிடிஆர்ஐ எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு இப்படித் தொடங்கலாம்: "வணக்கம் டாக்டர், சிடிஆர்ஐயில உங்க ஆய்வைப் பார்த்தேன். இன்னும் ஆள் சேர்க்குறீங்களா? எனக்கு 38 வயசு, ஒரு நாளைக்கு ரெண்டு கட்டு பீடி. சர்க்கரைக்கு மாத்திரை போடுறேன். நான் வரலாமா?" கூடவே எத்தனை முறை வர வேண்டும், எத்தனை மாதம், பயணச் செலவு தருவார்களா என்று கேளுங்கள். ஆய்வுக்காகச் செய்யும் பரிசோதனைக்கும் மருந்துக்கும் உங்களிடம் பணம் வாங்கக் கூடாது. யாராவது "பதிவுக் கட்டணம்" என்றால் அங்கேயே போனை வைத்துவிடுங்கள்.

படி 5: தேர்வு நாள்

நீங்கள் ஆய்வுக்குப் பொருந்துவீர்களா என்று பார்க்கும் நாளில் எடுத்துப் போக வேண்டியவை: நோட்டு, பழைய மருந்துச் சீட்டுகள், சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளும் (நாட்டு மருந்து உட்பட), அடையாள அட்டை. இவ்வளவு போதும்.

புகைப்பவர்களை ஒரு கருவியில் ஊதச் சொல்வார்கள். அது மூச்சில் உள்ள கார்பன் மோனாக்சைடைக் காட்டும். நாலைந்து மணி நேரத்தில் அது பாதியாகக் குறைந்துவிடுவதால் கடைசி ஒரு நாளின் கதையைத்தான் சொல்லும். விறகடுப்பில் சமைப்பவர்களுக்குப் புகைக்காமலே அளவு கூடலாம், முன்னாலேயே சொல்லிவிடுங்கள். மெல்லும் புகையிலை இந்தக் கருவியில் தெரியாது, அதற்குச் சிறுநீரிலோ உமிழ்நீரிலோ, நிக்கோட்டின் உடம்பில் மாறி உண்டாகும் கோட்டினின் என்ற பொருளைப் பார்ப்பார்கள். நிக்கோட்டின் சூயிங்கம் போட்டாலும் கோட்டினின் வரும் என்பதால் அதையும் சொல்ல வேண்டும்.

படி 6: ஒப்புதல் படிவம்

தமிழில் கேளுங்கள். புரியும் மொழியில் தருவது அவர்கள் கடமை. வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டு மறுநாள் வருகிறேன் என்றால் யாரும் கோபிக்க முடியாது. படிக்கத் தெரியாதவருக்கு ஆய்வைச் சாராத நடுநிலைச் சாட்சி ஒருவர் கூட இருந்தாக வேண்டும். கையெழுத்தான பிறகு ஒரு பிரதி உங்கள் கைக்கு வர வேண்டும்.

படிவத்தில் இவை இருக்கின்றனவா என்று விரல் வைத்துப் பாருங்கள்: எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சை நிற்காது, பாதிப்பு வந்தால் யாரை அழைப்பது, உங்கள் பெயர் எப்படி மறைக்கப்படும். குடிப்பழக்கம் வேலையிடத்துக்குத் தெரிந்துவிடுமோ என்று பயப்படுபவர்களுக்குக் கடைசி வரி ரொம்ப முக்கியம். மருந்து ஆய்வுகளுக்கு 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள் பொருந்தும். ஆய்வின்போது பாதிப்பு வந்தால் இலவச மருத்துவமும், அது ஆய்வினால் வந்தது என்றால் இழப்பீடும் அவற்றில் உண்டு.

படி 7: சேர்ந்த பிறகு

நிக்கோட்டின் சூயிங்கம் கொடுத்தால் மிட்டாய் மாதிரி மென்றுகொண்டே இருக்காதீர்கள். காரம் தெரியும் வரை மென்று, கன்னத்தில் ஒதுக்கி வைத்து, காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். தொடர்ந்து மென்றால் நிக்கோட்டின் வயிற்றுக்குப் போய் விக்கலும் எரிச்சலும் வரும். சூயிங்கம் போடுவதற்கு 15 நிமிடம் முன்பு காபி, ஜூஸ் வேண்டாம், அந்தப் புளிப்பு மருந்தை வாயில் உறிஞ்ச விடாது. வரெனிக்ளின் குமட்டும், சாப்பிட்டபின் ஒரு டம்ளர் தண்ணீரோடு போடுங்கள்.

பலர் பாதியில் நின்றுவிடுவதற்குக் காரணம் பக்கவிளைவு மட்டுமல்ல, வெட்கமும்தான். "மறுபடி பிடித்துவிட்டேன், டாக்டர் முகத்தில் எப்படி முழிப்பது" என்று ஆறாம் மாதச் சந்திப்புக்குப் போவதில்லை. பெரும்பாலான புகை ஆய்வுகளில் வராதவரைப் புகைப்பவர் என்றே கணக்கில் எழுதுவார்கள். தவறியவர் வந்து உண்மையைச் சொன்னால், எந்த வாரத்தில், எதனால் தவறியது என்பதும் பதிவாகும், அடுத்து என்ன செய்யலாம் என்றும் பேச முடியும். திட்டு விழாது. அப்படித் திட்டினால் நெறிமுறைக் குழுவின் எண் உங்கள் படிவத்திலேயே இருக்கிறது.

பொருத்தமான ஆய்வு ஒன்றும் அகப்படவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். புகையிலையை விட 1800 11 2356, குடிக்கும் மற்றப் போதைக்கும் 14446 இரண்டும் கட்டணமில்லாத எண்கள். அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் நேரிலும் பார்க்கலாம். இந்தத் துறையில் ஆய்வு நடந்தால் ஆள் தேடுவதும் பெரும்பாலும் அதே புறநோயாளிப் பிரிவில்தான், அதனால் அங்கே போகும்போது ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.