உப்பு டப்பாவ அடுப்புகிட்ட வைக்காதீங்க

சுங்கை சிப்புட்ல நம்ம தோட்டத்து வீடுங்கள்ல நெறய பேரு இன்னும் கல் உப்பதான் மூடாத ஜாடியில அடுப்பு பக்கத்துலயே வச்சிருக்காங்க, எங்க பாட்டியும் அப்படித்தான். எல்லா கல் உப்புலயும் அயோடின் (கழுத்துல இருக்க தைராய்டு சுரப்பிக்கு வேண்டிய சத்து) சேத்திருக்க மாட்டாங்க, பாக்கெட்டுல அயோடின்னு போட்டிருக்கான்னு பாத்து வாங்கி, இறுக்கி மூடி, கொழம்பு எறக்குறப்ப கடைசியா போடுங்க, சூட்டுலயும் ஈரத்துலயும் அயோடின் கொறஞ்சிடும். பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம்தான் வேணும், மாசமா இருக்கவங்களுக்கு 250, அதுக்காக உப்ப அள்ளி கொட்டாதீங்க, பிரஷர் ஏறும்! கடல் மீன், முட்டையிலயும் அயோடின் இருக்கு.

அயோடின் கொறஞ்சா தைராய்டு சுரப்பி வீங்கலாம், அதனால கண்ணாடி முன்னாடி ஒரு வாய் தண்ணி முழுங்கி பாருங்க, குரல்வளைக்கு கீழ வீங்குன மாதிரி ஏறி எறங்குனா கிளினிக்ல காட்டி ரத்தம் டெஸ்ட் பண்ணுங்க, எல்லா வீக்கமும் அயோடின் கொறைவால வர்றதில்ல, நீங்களா அயோடின் மாத்திரை வாங்கி போடாதீங்க.