அங்கன்வாடிக்கு முந்தைய இரண்டு வருடம்: ஊருக்குள் ஒரு விளையாட்டுக் குழு

அங்கன்வாடியில் பாட்டும் விளையாட்டும் மூன்று வயது நிரம்பிய பிள்ளைகளுக்குத்தான். அதற்கு முந்தைய இரண்டு வருடம், கேரளத்தின் பாலக்காட்டில் தமிழக எல்லையோரம் உள்ள கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பக்கத்துக் குழந்தைகள் பலருக்கு வீட்டுத் திண்ணையோடும் செல்போனோடும் கழிந்துவிடுகிறது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், நாளுக்கு 180 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல்.

இந்த வயதில் எட்டுக் குழந்தைகள் இருந்தால் ஊருக்குள்ளேயே ஒரு விளையாட்டுக் குழு ஆரம்பித்துவிடலாம். வாசகசாலையோ கோயில் மண்டபமோ போதும். வாரம் ஒரு நாள், அதே கிழமை, ஒன்றரை மணி நேரம். மார்ச் பிறந்துவிட்டால் காலை ஒன்பதுக்கே தொடங்குங்கள். வெயில் ஏறினால் குழந்தைகள் சிணுங்க ஆரம்பித்துவிடும். ஒவ்வொரு குழந்தையோடும் அம்மாவோ அப்பாவோ அப்பத்தாவோ கடைசிவரை இருக்க வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பெரியவர் கிளம்பிவிட்டால் குழந்தை அழும். கல்யாணமாகி எல்லை தாண்டி வந்து பேச்சுத்துணை இல்லாமல் இருக்கும் பெண்ணுக்கு இதனால் கிடைக்கும் ஆதரவும் போய்விடும்.

பொம்மை வாங்க வேண்டியதில்லை. விளிம்பு தேய்த்த சிரட்டை, மூடி போட்ட டப்பா, மரக்கரண்டி, பெரிய அட்டைப்பெட்டி, எல்லாவற்றிலும் இரண்டிரண்டு. இரண்டு வயதுப் பிள்ளை இன்னொரு பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து தன்பாட்டுக்குத்தான் விளையாடும். பகிர்ந்துகொள்ளச் சொல்லிப் பிடுங்கிக் கொடுத்தால் கடியில் முடியும். பிசைமாவுக்கு இரண்டு கப் மைதா, ஒரு கப் உப்பு, ஒரு கரண்டி எண்ணெய், ஒரு சிட்டிகை மஞ்சள். ஒரு கப் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசையுங்கள். உப்பு அதிகம் என்பதால் வாயில் போட விடாதீர்கள். மூன்று சென்டிமீட்டருக்குச் சிறிய எதுவும் தரையில் கிடக்கக் கூடாது, பட்டன் பேட்டரி அறவே கூடாது. தின்பதற்கு வாழைப்பழமோ அவலோ கொடுங்கள்; நிலக்கடலை முழுசாக வேண்டாம், தொண்டையில் அடைக்கும். தண்ணீர் விளையாட்டு முடிந்த நிமிடமே வாளியைக் கவிழ்த்துவிடுங்கள், சில அங்குலத் தண்ணீரிலும் குழந்தை மூழ்கும்.

முதல் நாற்பது நிமிடம் இஷ்டம்போல் விளையாடட்டும். பிறகு கை கழுவி, தின்று, கடைசியில் பாட்டு. வந்ததுமே வட்டமாக உட்கார வைத்தால் ஒன்றும் உட்காராது. பாட்டில் தமிழும் மலையாளமும் கலந்தே வரட்டும். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகாது. மூன்று வயதில் அங்கன்வாடிக்குப் போகும்போது டீச்சரின் மலையாளமும் புதிதாக இருக்காது. இரண்டு வயதாகியும் இரு சொல் சேர்த்துப் பேசாத குழந்தையை மற்றக் குழந்தைகளோடு பார்க்கும்போதுதான் வீட்டாருக்கே தெரிய வரும். எதிர்பார்த்துக் காத்திராமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டச் சொல்லுங்கள்.

காய்ச்சல், வயிற்றுப்போக்கு, உள்ளங்கையில் கொப்புளம் இருந்தால் அந்த வாரம் வர வேண்டாம். கொப்புளத்தோடு வரும் தக்காளிக் காய்ச்சல் 2022இல் கொல்லத்தில் சின்னக் குழந்தைகளிடையே பரவியது. வயிற்றுப்போக்கு நின்று இரண்டு நாள் கழிந்த பிறகே வரலாம். வாயில் வைத்த சாமான்களைச் சோப்பு போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து எடுத்து வையுங்கள். வாரம் ஒரு வீட்டார் முறை வைத்துச் செய்தால் யாருக்கும் சுமையாகாது.