பௌத்தப் பாதையில் முதல் அடி: நெல்லைச் சீமையில் இடறும் இடங்கள்

பௌத்தத்தில் ஆர்வம் வந்ததும் நம்மில் பலர் முதலில் ஒரு புத்தர் சிலை வாங்குகிறார்கள், பிறகு கண்ணை மூடி உட்காருகிறார்கள். (தொப்பையோடு சிரிக்கிற சிலை கௌதம புத்தர் அல்ல, அவர் பூதாய் என்ற சீனத் துறவி.) சிலை இருக்கட்டும், அதனால் கேடில்லை. தியானத்திலிருந்து தொடங்குவதுதான் சறுக்கல். இல்லறத்தார் தன்னைத் தேடி வந்தபோது புத்தர் முதலில் ஈகையைப் பற்றிப் பேசினார், அடுத்து சீலம் என்னும் ஒழுக்கத்தைப் பற்றி. கேட்பவரின் மனம் இளகிய பிறகே துக்கம், அதன் காரணம் என்று நான்கு உண்மைகளுக்குப் போனார். புத்தர், தம்மம் (அவர் போதனை), சங்கம் (துறவியர் கூட்டம்) என்ற மும்மணிகளைச் சரணடைந்து பஞ்சசீலத்தை ஏற்பதே இன்றும் முதல் படி: கொல்லாமை, திருடாமை, தவறான பாலுறவு கொள்ளாமை, பொய் சொல்லாமை, மதுவும் போதையும் தொடாமை.

இந்த ஐந்தும் கேட்க எளிதாக இருப்பதால் தாண்டிப் போய்விடுகிறோம். வாங்கிய கைமாத்தைச் சொன்ன தேதியில் திருப்பித் தருவது, கல்யாண வீட்டில் நண்பர்கள் நீட்டும் கிளாஸை மறுப்பது, பத்திர ஆபீஸில் பொய்த் தொகை எழுதாமல் இருப்பது என்று இறங்கும்போதுதான் பாதை எவ்வளவு செங்குத்து என்று தெரியும். மீன் குழம்பை விடலாமா என்ற கேள்வியில் மட்டும் மாதக்கணக்கில் மாட்டிக்கொள்ள வேண்டாம். இலங்கை, பர்மா பக்கத்துத் தேரவாத மரபு இல்லறத்தாருக்குப் புலால் மறுப்பைக் கட்டாயமாக்கவில்லை. பௌத்தத்தின் இன்னொரு பெரும் பிரிவான மகாயானத்தின் சீன மரபு அதை வலியுறுத்துகிறது. ஆனால் இறைச்சி வியாபாரமும் மது வியாபாரமும் இல்லறத்தார் செய்யக் கூடாத ஐந்து வணிகங்களில் சேரும். தொழில் அதுவானால் அதைப் பற்றித்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இன்னொரு தவறு. சாதியை வீட்டிலேயே வைத்துக்கொண்டு பௌத்தத்துக்குள் வருவது. பள்ளிப் பிள்ளைகளின் மணிக்கட்டில் சாதிக்கொரு நிறத்தில் கயிறு ஏறும் ஊர் நம்முடையது. காலையில் எல்லோரிடமும் அன்பை வளர்க்கும் மைத்ரி தியானம் செய்துவிட்டு, மாலையில் ‘நம்ம ஆளுகளா?’ என்று விசாரித்தால் அந்தத் தியானம் எங்கே போயிற்று? சாக்கிய இளவரசர்கள் அநுருத்தர், ஆனந்தர் முதலியோர் துறவு பூண வந்தபோது, உடன் வந்த நாவிதர் உபாலிக்கே முதலில் துறவு தரும்படி புத்தரிடம் கேட்டார்கள். சங்கத்தில் முன்னால் சேர்ந்தவரைப் பின்னால் சேர்ந்தவர் வணங்க வேண்டும். தங்கள் குலப்பெருமை அடங்க அதுவே வழி என்றார்கள். அந்த உபாலிதான் பிறகு முதல் சங்கீதியில் (புத்தர் மறைந்தபின் துறவிகள் கூடிய அவையில்) விநயத்தை, அதாவது துறவிகளின் ஒழுங்கு விதிகளை, எடுத்துரைத்தவர். நம் அடுக்களை வரைக்கும், பிள்ளைகளின் கல்யாணப் பேச்சு வரைக்கும் இந்தக் கதை வர வேண்டும்.

அடுத்தது வீட்டாரோடு மல்லுக்கட்டுவது. பங்குனி உத்திரத்துக்குக் குடும்பமே சாஸ்தா கோயிலுக்குக் கிளம்பும்போது ‘எனக்கு இதில் எல்லாம் நம்பிக்கை இல்லை’ என்று வாசலில் நின்று உரை நிகழ்த்துகிறார்கள். சாஸ்தாவே புத்தர்தான் என்ற ஆராய்ச்சி வாதத்தையும் அங்கேயே எடுத்துவிடுகிறார்கள். அம்மாவுக்கு அது ஆராய்ச்சியாகவா கேட்கும்? கூடப் போய்ப் பொங்கப் பானை தூக்கலாம், பெரியவர்களைக் கைபிடித்து இறக்கிவிடலாம். கிடா வெட்டும்போது மட்டும் விலகி நின்றால் போதும். ‘இது வெளிநாட்டுச் சாமி’ என்று மாமா சொன்னால் கோபம் வேண்டாம். நம் பொதிகை மலை அகத்தியர், அவலோகிதர் என்ற போதிசத்துவரிடம் தமிழ் கேட்டார் என்று வீரசோழியம் என்ற பழைய தமிழ் இலக்கண நூலில் புத்தமித்திரனார் பாடியிருப்பதைப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

இந்த யோசனை எல்லோருக்கும் பொருந்தாது. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கர் தந்த 22 உறுதிமொழிகளை ஏற்றவர், பிற தெய்வங்களை வணங்குவதில்லை என்று வாக்குக் கொடுத்தவர். ஆகவே கூட்டத்தின் உற்சாகத்தில் அந்த உறுதிமொழியை எடுத்துவிட்டு மறுவாரம் தடுமாறாதீர்கள். ஒவ்வொன்றையும் வாசித்து, மனம் ஒப்பிய பிறகு எடுங்கள். பௌத்த தீட்சை பெற்றால் பட்டியல் சாதிச் சலுகை போய்விடும் என்ற பயமும் நம் ஊர்ப்பக்கம் பலரைத் தடுக்கிறது. 1990-இல் செய்த திருத்தத்தின்படி பௌத்தர்களும் பட்டியல் சாதிக்குள் வருகிறார்கள். சான்றிதழ் விவரங்களைத் தாலுகா ஆபீஸில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

எல்லா மரபையும் ஒரே நேரத்தில் கலப்பதும் ஆகாது. சங்கரன்கோவில் பக்கம் வீரிருப்பில் அமைதிக் கோபுரம் கட்டியவர்கள் ஜப்பானிய நிப்போன்சான் மியோஹோஜி துறவிகள். தாமரைச் சூத்திரம் என்ற மகாயான நூலின் பெயரை மேளம் தட்டி ஓதுவது அவர்கள் வழி. எஸ்.என். கோயங்கா என்ற ஆசிரியர் கற்பித்த விபஸ்ஸனா தியான முறை பர்மாவிலிருந்து வந்தது. இரண்டிலும் ஆழம் உண்டு. ஒன்றைப் பிடித்து ஒரு வருஷமாவது நில்லுங்கள். ‘எதையும் நம்பாதே என்று புத்தரே சொன்னார்’ என்று காலாமர் என்ற மக்களுக்கு அவர் சொன்ன காலாம சூத்திரத்தைப் பாதி மட்டும் சொல்லித் தப்பிக்காதீர்கள். பேராசை, வெறுப்பு, மயக்கம் வளர்கிறதா குறைகிறதா என்று பார்த்து, அறிவுடையோர் எதைப் பழிக்கிறார்கள், எதைப் போற்றுகிறார்கள் என்றும் கவனித்து முடிவெடு என்பது மீதிப் பாதி.

உட்காரும் நேரம் வரும்போது பத்து நிமிஷம் போதும், மூச்சைக் கவனித்தால் போதும். மனம் அலைவது தோல்வி இல்லை. அலைந்ததைக் கவனித்துத் திரும்புவதுதான் பயிற்சி. முட்டு வலித்தால் நாற்காலியில் உட்காருங்கள். கால் கிழிந்து இரத்தம் வரும்வரை நடந்து பயிற்சி செய்த சோணர் என்ற துறவிக்கு, நரம்பை அதிகம் முறுக்கினாலும் தளர்த்தினாலும் வீணை இசைக்காது என்றார் புத்தர்.

பத்து நாள் விபஸ்ஸனா முகாமுக்கு அதற்குப் பிறகு போகலாம். கட்டணம் கிடையாது. காலை நாலு மணிக்கு எழுப்புவார்கள், நாளுக்குப் பத்து மணிநேரம் அளவுக்கு உட்கார வேண்டும், பேச்சும் செல்போனும் கூடாது. விண்ணப்பத்தில் மனநலம் பற்றிக் கேட்பார்கள். சிகிச்சையில் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள்; முகாமுக்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், முதலில் உங்கள் டாக்டரிடம் பேசுங்கள்.