வன்னித் தரைக்கு ஏற்ற சில்லு, ரயர் அளவுகளைத் தெரிவுசெய்தல்

வன்னியில் ஜீப் அல்லது பிக்அப் வைத்திருப்பவர் ரயர் அளவை மாற்ற எண்ணினால், தம் வாகனம் எந்தத் தரையில் அதிகம் ஓடுகிறது என்பதை முதலில் நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும். ஏ9 வீதியில் ஓடி, நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிரவல் பாதைகளில் இறங்கும் வாகனத்தின் தேவை வேறு. மாரியில் வயற்சேற்றுக்குள் போகும் வாகனத்தின் தேவை வேறு. முல்லைத்தீவுக் கரையோர மணலில் ஓடுவதன் தேவை வேறு.

ரயரின் பக்கச்சுவரில் 265/70 ஆர் 16 என்று இருந்தால், அகலம் 265 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 70 சதவீதம், ரிம்மின் விட்டம் 16 அங்குலம் என்று பொருள். கணக்குப் பார்த்தால் முழு விட்டம் ஏறத்தாழ 777 மி.மீ. ஆகும். இதை 265/75 ஆர் 16 ஆக மாற்றினால் விட்டம் 804 மி.மீ. ஆகிறது, ஆனால் அச்சுக்குக் கீழே கிடைப்பது அப்படிக் கூடியதில் பாதியான 13 மி.மீ. உயரம் மட்டுமே. வேகமானி 60 காட்டும்போது உண்மை வேகம் 62 ஆக இருக்கும். 285/75 ஆர் 16 வரை போனால் விட்டம் 834 மி.மீ. ஆவதால், இழுவை குறைந்து, எரிபொருள் கூடச் செலவாகி, ஸ்ரியரிங்கை முழுதாகத் திருப்பும்போது பல வாகனங்களில் ரயர் மட்காட்டில் உரசவும் கூடும். ஒரு படி ஏற்றுவதோடு நிறுத்துவதே போதுமானது. அதற்கு மேற்பட்டது பெரும்பாலும் பார்வைக்குத்தான்.

ரிம்மைப் பெரிதாக்குவது இன்னும் தவறான தெரிவு. முழு விட்டம் மாறாமல் 18 அங்குல ரிம் போட்டால், 185 மி.மீ. இருந்த பக்கச்சுவர் ஏறத்தாழ 160 மி.மீ. ஆகச் சுருங்கி, குழியிலும் கல்லிலும் விழும் அடி நேரே ரிம்முக்குப் போகும். மணலில் காற்றை 18 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கி மெதுவாக ஓடுவதற்கும் உயரமான பக்கச்சுவரே உதவும். காற்றை இறக்கும்போது ரயர் தரையில் படும் பரப்பு பெரும்பாலும் நீளவாக்கில் கூடுவதால், மணலுக்கென்று மிக அகலமான ரயர் வாங்கத் தேவையில்லை. அடியில் இறுகிய தரை உள்ள சேற்றில் ஒடுக்கமான ரயரே அதை வெட்டிக்கொண்டு அடித்தரையைப் பிடிக்கும். தார் வீதிக்கு ஏறுமுன் மீண்டும் காற்றடிக்க ஒரு சிறிய கொம்பிரசரை வண்டியில் வைத்திருப்பது அவசியம்.

பழைய ரிம் வாங்குபவர்கள் போல்ற் துளைகளைப் பார்க்க வேண்டும்: நான்கு சில்லு இழுவையுள்ள ஹைலக்ஸில் 139.7 மி.மீ. வட்டத்தில் ஆறு, பழைய டிஃபென்டரில் 165.1 மி.மீ. வட்டத்தில் ஐந்து. ஒஃப்செற் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது வாகனத்தில் பூட்டப்படும் முகம் வரையான தூரம்) குறைந்தால் சில்லு வெளியே தள்ளி, பெயரிங் மீது சுமை கூடும்.

பாரச்சுட்டெண் வாகனத்தில் குறிப்பிட்டுள்ளதற்குக் குறையக் கூடாது; 112 என்றால் ஒரு ரயர் 1120 கிலோ தாங்கும். உற்பத்தித் திகதியின் நான்கு இலக்கங்களில் முதலிரண்டு வாரத்தையும் மற்றவை ஆண்டையும் குறிக்கும். மேலதிகச் சில்லும் அதே அளவில் இருக்க வேண்டும். வெவ்வேறு விட்டமுள்ள சில்லுகளோடு நான்கு சில்லு இழுவையைப் போட்டால் கியர்த் தொகுதி பழுதாகும். பணம் கொடுக்குமுன் ஒரு சில்லை மட்டும் முன்பக்கத்தில் பூட்டி, பாரம் ஏற்றி, இரு பக்கமும் முழுதாகத் திருப்பி உரசல் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.